சொர்ணத்தாய் கையெழுத்துப் போடவில்லை

கழுகுமலையில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர் சொர்ணத்தாய். நான்கு வருஷத்துக்கு முன் காசநோய் வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர். அதனால்தான் கோவில்பட்டியில், வீடு வீடாகப் போகும் காசநோய்ப் பணியாளர்களுக்கு நடந்த பயிற்சியின் கடைசி நாளில் அவரை அழைத்திருந்தார்கள். நோயாளியாக நடிக்க வேண்டும். பயிற்சி முடித்த பன்னிரண்டு பேரும் ஒவ்வொருவராக வந்து பேசுவார்கள். யார் எப்படிப் பேசினார்கள் என்று அவர் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

காலையில் எழுத்துத் தேர்வில் எல்லோருக்கும் தொண்ணூறுக்கு மேல். பயிற்சியாளர் லிங்கராஜுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மத்தியானம் சொர்ணத்தாய் நாற்காலியில் உட்கார்ந்து இருமினார். வந்தவர்கள் பெயர், ஊர், எத்தனை நாளாக இருமல் என்று கேட்டு எழுதினார்கள். சளி டப்பாவைக் கொடுத்து, “காலையில கொண்டாங்க” என்று அனுப்பினார்கள்.

சாயங்காலம் லிங்கராஜ் மதிப்பீட்டுத் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்.

“நல்லாத்தான் பேசினாவ அண்ணாச்சி. ஆனா டப்பாவுல எதைத் துப்பணும்னு ரெண்டு பேருதான் சொன்னாவ. மத்த பத்து பேரும் பாசில்ல.”

“பரீட்சையில எல்லாரும் சரியா எழுதியிருக்காங்களேம்மா. ரிப்போர்ட் இன்னைக்கே போகணும்.”

“உங்களுக்கு எழுதினாவ. எனக்குச் சொல்லலையே. அன்னைக்கு எனக்குச் சீக்கு வந்தப்ப டப்பா குடுத்தவியளும் சொல்லல. நெஞ்சுச் சளிக்குப் பதிலா எச்சியத் துப்பிக் குடுத்தேன், நோய் இல்லன்னு வந்துட்டு. மூணு மாசம் இருமிக்கிட்டே திரிஞ்சேன். எம் மவளுக்கும் வந்து, அவளும் ஆறு மாசம் மாத்திரை தின்னா. நான் போடமாட்டேன்.”

பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார். லிங்கராஜ் மேலதிகாரிக்குப் போன் செய்து இன்னொரு நாள் கேட்டு வாங்கினார்.

மறுநாள் எல்லோரையும் வேப்பமரத்தடியில் நிறுத்தி, சொர்ணத்தாயே செய்துகாட்டினார். வாயைக் கொப்பளித்து, மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்து, அடிநெஞ்சிலிருந்து இருமினார். முத்துச்செல்வி என்ற பணியாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காத தாயி. நீயே கூச்சப்பட்டா சீக்காளி எப்படி இருமுவா?”

முத்துச்செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமிக் காட்டினாள். மறுபடி நடந்த தேர்வில் ஒன்பது பேர் தேறினார்கள். மிச்சம் மூன்று பேரையும் சாப்பிடப் போகவிடாமல் திரும்பச் சொல்லவைத்த பிறகே சொர்ணத்தாய் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் கழித்து லிங்கராஜ் போன் செய்தார். அந்தப் பன்னிரண்டு பேர் அனுப்பும் டப்பாக்களில் வெறும் எச்சில் வருவது பாதிக்குமேல் குறைந்திருந்தது. பசுவந்தனைப் பக்கம்தான் இன்னும் சரியாகவில்லை.

“அங்கன யாரு பாக்குதாவ?”

“கார்த்திகேசன்.”

“திங்கக்கிழமை நான் லீவு சொல்லிட்டு வாரேன். அவரு வீடு வீடாப் போவையில நானும் கூடப் போயிப் பாக்குதேன்.”