மரியசெல்வி குடுத்த பாட்டுப்பூசை

மரியசெல்வி கதையச் சொல்லணும்னா, நான் அவமேல கோவப்பட்டதத்தான் மொதல்ல சொல்லணும். எனக்குக் கோவம் வந்தா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். அன்னைக்கு வந்த கோவத்துல நியாயமும் இருந்துச்சு. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

திரேஸ்புரத்துல அவ வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒரு ஓலத் தட்டிதான். அங்கன மொளகா வறுத்தா இங்கன தும்முவோம். அவ கருவாட்டு யாவாரி. விடிய விடிய கரையில போயி மீன் எடுத்து, கழுவி, உப்புப் போட்டு, மணல்ல காயவச்சு, பெட்டியில அடுக்கி, வாரத்துல ரெண்டு நாள் ஆத்தூர் சந்தைக்குப் பஸ்ல கொண்டு போவா. பெட்டியோட ஏறுனதும் கண்டக்டர் மூஞ்சியச் சுளிப்பான். இவ அதையெல்லாம் கண்டுக்கிட மாட்டா. கடைசி சீட்டுல உக்காந்து, மூக்கப் பொத்துன பொம்பளைகிட்டயே பேச்சுக் குடுத்து, எறங்குறதுக்குள்ள நாலு துண்டு சீலாக் கருவாட்ட வித்துருவா. அப்படி வாயி அவளுக்கு.

வீட்டுக்காரரு வில்பிரட் தோணியில கொழும்புக்குப் போன எடத்துல காய்ச்சல் கண்டு இறந்து போனாரு. அப்ப மக ஹில்டாவுக்கு எட்டு வயசு. அதுலருந்து அந்தப் புள்ளைக்கு அம்மையும் அப்பனும் இவ ஒருத்திதான்.

இம்புட்டுக் கெட்டிக்காரிக்கு ஒரே ஒரு கொற. சந்தையில காக்காசு கொறைக்க மாட்டா, அது யாவாரம். ஆனா சொந்தக்காரங்க யாராவது கஷ்டம்னு வந்து எதுக்க நின்னா, மாட்டேன்னு சொல்ல அவளுக்கு நாக்கு வராது. வில்பிரட் போனப்ப தோணிக்காரர் கொஞ்சம் பணம் குடுத்தாரு. வில்பிரட்டுக்கு மூத்தவரு ஹென்றி, 'வல வாங்கணும், ஆறு மாசத்துல தந்துருதேன்'னு வந்து நின்னாரு. எடுத்துக் குடுத்துட்டா. வலையும் கிழிஞ்சு போச்சு, பணமும் வரல. ஹென்றி கெட்ட மனுசர் இல்ல. தம்பி மகமேல உசுரையே வச்சிருந்தாரு. கேக்குறதுக்கு மட்டும் கூச்சப்பட மாட்டாரு. நான் சொல்லுதது எழுபத்திமூணாம் வருசம். அந்த வருசம் அவருக்கு எப்படியாவது ஒரு மீன்பிடி லாஞ்சுல பங்கு சேரணும்னு பைத்தியம் பிடிச்சிருந்துச்சு. பாக்குறவங்ககிட்டயெல்லாம் பணம் கேட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு.

அப்பத்தான் ஆத்தூர்ல அது நடந்துச்சு. வெத்தலக்கட நயினார் அண்ணாச்சி, மிச்சம் ஒரு ரூவாய்க்குச் சில்லற இல்லன்னு ஒரு லாட்டரிச் சீட்ட நீட்டிருக்காரு. 'எனக்கெதுக்கு அண்ணாச்சி இந்தக் காயிதம்? ஒரு ரூவாய்க்கு அரிசி வாங்குவேன்லா'ன்னு இவ சண்ட போட்டிருக்கா. 'வச்சுக்கோ தாயி, விழுந்தா எனக்கு ரெண்டு கை நெத்திலி குடு'ன்னு அவரு அடுத்த ஆளப் பாக்கப் போயிட்டாரு. வஞ்சுக்கிட்டே கொண்டுவந்து செபப் புஸ்தகத்துக்குள்ள சொருகி வச்சிருக்கா.

ஹில்டா படிப்பகத்துல பேப்பரப் பாத்துட்டு ஓடி வந்திருக்கு. அந்தச் சீட்டுக்குப் பத்தாயிரம் ரூவா. குசினியில நெத்திலி கழுவிக்கிட்டிருந்த தாய்க்காரி, மகள நிமுந்து பாத்துச் சொன்ன மொத வார்த்தை, 'வாய மூடு.' ரெண்டாவது, 'ஞானபாக்கியம் தட்டிக்கு அந்தப் பக்கம் நிக்காளான்னு பாரு.' ஞானபாக்கியம் நான்தான். இதெல்லாம் பின்னால அந்தப் புள்ளையே எனக்குச் சொன்னது.

அவ பயந்ததுக்குக் காரணம் இருக்கு. ஹில்டாவுக்கு மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ் படிப்புக்கு எடம் கெடச்சிருந்துச்சு. மூணு வருசப் படிப்பு. ஃபீசு, ஹாஸ்டல், சாப்பாடு, வெள்ள உடுப்புன்னு ஒரு பட்டியல் அனுப்பிருந்தாங்க. அதப் பாத்துட்டு, வரலைன்னு எழுதிப் போட்டுருவோம்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணி வச்சிருந்தாங்க. இப்ப இந்தப் பணம் முழுசா நின்னா புள்ள நர்ஸு. ஹென்றி காதுல விழுந்தா அவரு வந்து கேப்பாரு, இவ குடுத்துருவா, புள்ள கருவாட்டுப் பெட்டியத் தூக்கும். மாதா திருநா முடிஞ்ச மறுவாரம் படிப்புல சேரணும். அது வரைக்கும் ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாதுன்னு இருந்துட்டா.

டவுன்ல பேங்க்குக்குப் போனப்பக்கூட கருவாட்டுப் பெட்டியோடதான் போயிருக்கா. அப்பத்தான் யாருக்கும் சந்தேகம் வராதாம். மேனேஜர் லேஞ்சித் துணிய மூக்குல வச்சுக்கிட்டு, எங்கன கையெழுத்துப் போடணும்னு காட்டி, சீக்கிரமா அனுப்பி வச்சாராம். மூணு வாரத்துல பணம் அவ பேருல வந்துருச்சு. அதுக்கப்புறம் நயினார் அண்ணாச்சிக்குச் சந்தைக்குச் சந்த ரெண்டு கை நெத்திலி போயிருக்கு. அவருக்கு எதுக்குன்னே தெரியாது. இந்தப் பொம்பளைக்கு நம்மமேல என்ன கரிசனம்னு அவரு கொழம்பிருப்பாரு.

என்கிட்ட அவ ஆடுன நாடகந்தான் எனக்கு ஆறல. அது வரைக்கும் கிழிஞ்ச சேலையத் தச்சுக் கட்டுனவ, இப்பத் தைக்காமலே கட்டுனா. புளி இருக்கான்னு வந்தா. மண்ணெண்ண இருக்கான்னு வந்தா. 'காலம் போற போக்குல கஞ்சிக்கே வழியில்ல'ன்னு மூக்கச் சிந்துனா. நானும் நம்பிட்டேன். கிறிஸ்மஸுக்கு எடுத்து ரெண்டே தடவ கட்டுன பச்சச் சேலையக் கொண்டு போயி அவ கையில குடுத்தேன். வாங்கிக்கிட்டு என்னக் கட்டிப் பிடிச்சு அழுதா. நானும் அழுதேன். என் வீட்டுக்காரரு, எதுக்கு ரெண்டு பேரும் அழுதீங்கன்னு கேட்டதுக்கு அவருக்கும் ரெண்டு வசவு கெடச்சுது.

எல்லாத்தையும் இம்புட்டு ஒளிச்சவ, மாதாகிட்ட மட்டும் ஒளிக்கல. பணம் பத்திரமா கைக்கு வந்தா பாட்டுப்பூசை வைக்கிறேன்னு நேர்ந்திருக்கா. எங்க ஊர்ல எங்களமாதிரி ஆளுங்க வருசத்துக்கு ஒரு தடவ, செத்தவங்க நெனப்புக்கு, சாதாப் பூசதான் வைப்போம். பாட்டுப்பூசைன்னா ஆர்மோனியம், பாட்டுக்காரங்க, பீடம் பூரா மெழுகுதிரி. அது தோணிக்காரங்களும் சங்கு யாவாரிகளும் வைக்கிறது. அதுலயும் பேரு வேண்டாம்னா 'தனிக் கருத்து'ன்னு எழுதச் சொன்னாப் போதும், யாருக்கும் தெரியாது. இவ அதையும் சொல்லல. ஏன்னு பின்னால கேட்டேன். 'நன்றி சொல்லுதவ பேரச் சொல்லாம சொன்னா, அது மொட்டக் கடுதாசிலா ஞானபாக்கியம்'ங்கா. இவகிட்ட என்னத்தச் சொல்ல.

ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சு உபதேசியார் அறிவிப்பு வாசிச்சாரு. 'வருகிற வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பாட்டுப்பூசை. மாதாவிடம் பெற்ற பெரிய உபகாரத்துக்கு நன்றியாக. ஒப்புக்கொடுப்பவர், மரியசெல்வி குடும்பத்தார்.' அதோட நிறுத்திருக்கலாம். எங்க பக்கத்துல மரியசெல்வி மூணு பேரு இருக்காங்கன்னு, கண்ணாடியத் தூக்கிப் பாத்து, 'கருவாட்டு மரியசெல்வி'ன்னு சேத்து வாசிச்சாரு. பொம்பளைங்க பக்கம் அத்தன தலையும் திரும்புச்சு. ஆம்பளைங்க பக்கத்துல ஹென்றி கழுத்த நீட்டிப் பாத்தாரு. மரியசெல்வி முக்காட்ட மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டா.

நான் அவளுக்கு முந்தி அவ வீட்டுல போயி நின்னேன். 'ஏளா, கஞ்சிக்கு வழியில்லாதவளுக்குப் பாட்டுப்பூசைக்கு ஏது பணம்? என் சேலைய வித்தியா?'ன்னு கேட்டேன். அவ கதவச் சாத்திட்டு எல்லாத்தையும் சொன்னா. 'பத்தாயிரத்த பேங்க்குல போட்டுட்டா என் வீட்டுப் புளியக் கரச்சுக் கொழம்பு வச்ச?'ன்னு நான் தொண்டையத் தீட்டுனேன். 'நீ நல்லவதான், ஆனா ஒன் வாயில வச்சா காலையில மாப்பிள்ளையூரணி வரைக்கும் தெரிஞ்சுரும்'னா. அது உண்மைங்கதாலதான் எனக்குக் கோவம் கூடிப் போச்சு.

அப்பத்தான் கதவத் தட்டுனாங்க. ஹென்றி.

உள்ள வந்து முக்காலியில உக்காந்தாரு. 'என்ன மரியசெல்வி, பெரிய உபகாரமாமே. நல்லது. என்னன்னு சொல்லு, நமக்குள்ள என்ன'ன்னாரு. அவ ஹில்டாவப் பாக்குதா, தரையப் பாக்குதா. இன்னும் ஒரு தடவ கேட்டா மொத்தத்தையும் எடுத்து வச்சுருவான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவமேல அம்புட்டுக் கோவம் எனக்கு, ஆனா அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்ததும் பொறுக்கல.

'அண்ணே, ஆம்பளைங்ககிட்டச் சொல்ற சமாச்சாரம் இல்ல. வயித்துல கட்டி. பொம்பளைங்களுக்கு வருமே, அது. மாதாகிட்ட வேண்டுனா, கரஞ்சு போச்சு'ன்னு போட்டேன்.

ஹென்றிக்கு மொகம் செவந்து போச்சு. 'ஒடம்பப் பாத்துக்கோ, ஒடம்பப் பாத்துக்கோ'ன்னு சொல்லிக்கிட்டே செருப்ப மாத்திப் போட்டுக்கிட்டுப் போனாரு. நானும் ஹில்டாவும் சிரிச்ச சிரிப்புல தட்டி ஆடுச்சு. மரியசெல்வி மட்டும் சிரிக்கல. 'மாதா பேருல பொய் சொல்லிட்டியே'ன்னு உக்காந்துட்டா.

மறுநாள் ஹென்றி ஒரு பெரிய பாற மீன வாசல்ல வச்சுட்டு, கொழம்பு வச்சுக் குடி, தெம்பு வரும்னு சொல்லிட்டுப் போனாரு. அந்த மீன் அவளுக்குத் தொண்டையில எறங்கல. நான்தான் தின்னேன். செவ்வாக்கிழமைக்குள்ள சமாச்சாரம் பரவிருச்சு. நான் யாருக்கும் சொல்லல, ஹென்றி பொண்டாட்டிக்கு மட்டுந்தான் வெவரமாச் சொன்னேன். தலவலிக்காரி, மூட்டுவலிக்காரியெல்லாம் வந்து மரியசெல்வி கையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போனாங்க. அவ ஒவ்வொருத்திக்கும் கருவாட்டக் குடுத்து அனுப்புனா, அவளுக்கு வேற என்ன செய்யன்னு தெரியல.

வெள்ளிக்கிழம கோயில் நெறஞ்சிருச்சு. பாட்டுக்காரங்க நல்லாத்தான் பாடுனாங்க. பூச முடிஞ்சு வெளிய வந்தா, கோயில் படியில ஒரு அம்மா காத்துக்கிட்டு நிக்காங்க. மாப்பிள்ளையூரணியிலருந்து முத்துக்கனின்னு பேரு. நம்ம வேதக்காரங்க இல்ல, நெத்தியில திருநீறு. மக தோளப் பிடிச்சுக்கிட்டு நடந்தே வந்திருக்காங்க.

'தாயி, எனக்கும் வயித்துல கட்டிதான். பெரிய ஆஸ்பத்திரியில திங்கக்கிழம கீறணும்னு எழுதிட்டாங்க. எனக்குக் கத்தின்னா பயம். ஒனக்குக் கரஞ்சு போச்சுன்னு சொன்னாங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போகல தாயி. நீ என்ன வேண்டுனேன்னு மட்டும் சொல்லு, நானும் வேண்டிக்கிடுதேன்'னாங்க.

மரியசெல்வி என்னத் திரும்பிப் பாத்தா. நான் தரையப் பாத்தேன். நாலு எட்டுல ஹென்றி நிக்காரு, பக்கத்துல அவரு பொண்டாட்டி, சுத்தி தெருவே நிக்குது.

அவ முக்காட்ட எறக்கிட்டு, சந்தையில கூவுற அதே தொண்டையில சொன்னா. 'யக்கா, எனக்குக் கட்டியும் இல்ல, கரையவும் இல்ல. அது பொய். எனக்கு லாட்டரியில பத்தாயிரம் விழுந்துச்சு. அதுக்குத்தான் இந்தப் பூச. நீங்க திங்கக்கிழம ஆஸ்பத்திரிக்குப் போங்க. நானும் வந்து கூட இருக்கேன்.'

அவ அப்படியே ஹென்றி பக்கம் திரும்புனா. கண்ணுல தண்ணி ஓடுது, தொண்ட மட்டும் எறங்கல.

'அத்தான், அந்தப் பணம் ஹில்டாவ நர்ஸ் படிக்க வைக்க. மூணு வருசத்துக்கும் அதுதான் இருக்கு. நீங்க கேட்டா நான் குடுத்துருவேன். எனக்கு மாட்டேன்னு சொல்ல வராது, அது ஒங்களுக்குத் தெரியும், இங்க நிக்குத எல்லாருக்கும் தெரியும். அதனால ஒங்கள எல்லாரையும் கும்பிட்டுக் கேக்கேன். தயவு பண்ணி யாரும் என்கிட்டக் கேக்காதீங்க.'

நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கேன். யாரும் அப்படி ஒரு கூட்டத்த வாயடைக்க வச்சுப் பாத்ததில்ல. ஹென்றி லேஞ்சிய எடுத்தாரு, மடிச்சாரு, திரும்பப் பைக்குள்ள வச்சாரு. பெறகு ரோட்டுக்குப் போயி ஒரு குதிர வண்டியக் கூப்பிட்டு, முத்துக்கனியையும் மகளையும் ஏத்தி, மாப்பிள்ளையூரணியில விடச் சொல்லி அவரே காசு குடுத்தாரு. திங்கக்கிழம மரியசெல்வியோட நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொய் சொன்னவ நான், போகாம இருக்க முடியுமா. கட்டிய எடுத்துட்டாங்க. பத்தாம் நாளு அந்தம்மா எந்திரிச்சு நடந்துட்டாங்க.

திருநா முடிஞ்சு ஹில்டா கெளம்புற அன்னைக்கு, டிரங்குப் பெட்டியத் தோள்ல வச்சு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிட்டு வந்தது ஹென்றிதான். பஸ்ஸு போனதும் மரியசெல்விகிட்டச் சொன்னாரு, 'நீ அன்னைக்குச் சொல்லலன்னா நான் கேட்டிருப்பேன்.'

'தெரியும் அத்தான்.'

'நீயும் குடுத்திருப்ப.'

'குடுத்திருப்பேன்'னா அவ.

அந்தப் புள்ள மூணு வருசமும் படிச்சு முடிச்சுது. அது வரைக்கும் ஹென்றி அவ வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கல. மீன் கொண்டு வந்தா வாசல்ல வச்சுட்டு, தெருவுல நின்னே நலம் விசாரிச்சுட்டுப் போயிருவாரு. மழ பேஞ்சாக்கூட உள்ள வர மாட்டாரு. ஒருநா என் வாசல்ல நனஞ்சுக்கிட்டு நின்னாரு. ஏன் அண்ணே, அவமேல இன்னும் கோவமான்னு கேட்டேன்.

'கோவமெல்லாம் இல்ல ஞானபாக்கியம். உள்ள போயி உக்காந்தா கேட்டுருவேன்'னாரு.