ராசாவுக்குக் குளிருது

"ஸ்டெல்லா போயிட்டா, பிள்ளை" என்று ஸ்டெல்லா அக்காவின் கணவர் அந்தோனி அண்ணை தொலைபேசியில் சொன்னபோது, மூன்று களிமண் ராசாக்களும் எங்கள் சாமித்தட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். கிறிஸ்து பிறப்பு நாளான நத்தார் முடிந்து மூன்றாம் நாள். அவர்களைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. அக்காவை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்.

நம் குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளைகளை வீட்டிலேயே படிப்பிக்கும் குடும்பங்களை ஹரோவில் ஒன்றுசேர்த்தவர் ஸ்டெல்லா அக்கா. பாரிஸிலிருந்து வந்தபோது பாலன் குடிலுக்கான களிமண் பொம்மைகளையும் கொண்டுவந்தார். டிசம்பர் பிறந்ததும் அவற்றிலுள்ள, பிறந்த பாலனைத் தேடிப்போன மூன்று ராசாக்களும் பயணம் புறப்படுவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சில நாள் தங்கல். அந்த வீட்டுப் பிள்ளை வழியை வரைபடத்தில் குறித்து, பஸ்ஸில் கொண்டுபோய், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி இடம் கேட்க வேண்டும். ராசாக்கள் திருநாளான ஜனவரி ஆறாம் திகதி அக்கா வீட்டுக் குடிலில் பயணம் முடியும். "பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு நத்தாருக்கு மேடை இருக்கு. எங்கட பிள்ளையளுக்கு பஸ் இருக்கு" என்பார்.

முதல் வருடம் ராசாக்கள் எங்களிடம் வந்தபோது, என் கணவர் பழக்கதோஷத்தில் முருகனுக்குப் பூசிய கையோடு அவர்களுக்கும் திருநீறு பூசிவிட்டார். எவ்வளவு துடைத்தும் களிமண்ணிலிருந்து அது போகவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு அக்கா அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "வாற வழியில ஆர்ச்வே முருகன் கோயிலில இறங்கியிருப்பினம். இருக்கட்டும்" என்று அப்படியே குடிலில் வைத்தார்.

ஆனால் அந்தச் சிரிப்புக்கு முன் ஒரு கதவு இருந்தது. என் மகள் யாழினிக்கு அப்போது ஏழு வயது. வீட்டில் வாய் ஓயாது. வெளியே ஒரு சொல் வராது. பள்ளியிலிருந்து அவளை நிறுத்தியதும் அதனால்தான். "பிள்ளையைப் பழுதாக்கப் போறாய்" என்று சொந்தக்காரர் சொன்னது உண்மையாகிவிடுமோ என்று நான் பயந்து செத்த காலம் அது.

அவள் ராசாக்களை அணைத்தபடி அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். கடிதம் போடும் துவாரத்தால் அக்காவின் குரல் வந்தது: "ஆர் அங்க? என்ன வேணும்?"

யாழினி பேசவில்லை. ஐந்து நிமிடம் போனது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அக்கா, அவளுக்கு ஏலாது, திறவுங்கோ!" என்றேன்.

"ரதி, நீ வாயை மூடு. ராசாக்கள் கனதூரம் வந்தவை. இன்னும் கொஞ்சம் நிண்டா ஒண்டும் குறையாது."

மழை தூறத் தொடங்கியது. யாழினி குனிந்து துவாரத்தருகே வாயை வைத்தாள்.

"மாமி, ராசாவுக்குக் குளிருது."

கதவு திறந்தது. அக்கா முழந்தாளில் இருந்தார். அவ்வளவு நேரமும் அப்படியேதான் இருந்திருக்கிறார். மூட்டுவலிக்காரி. அவரைக் கட்டிப்பிடித்து நான்தான் அழுதேன். யாழினி கேக் கேட்டாள்.

அக்காவின் அடக்கத்தன்று, இப்போது பதினாறு வயதான யாழினி எல்லோர் முன்னிலையிலும் அந்தோனி அண்ணையிடம் போனாள். "மாமா, ஆறாம் திகதி ராசாக்களைக் கொண்டு வாறன். ஆர் கதவைத் திறக்கிறது?"

"நான் திறக்கிறன், பிள்ளை" என்றார் அவர். "ஆனா கேட்டாத்தான் திறப்பன்."

யாழினி கேட்பாள். நான் பின்னால் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். அக்கா எனக்குத் தந்துவிட்டுப் போனது அதுதான்.