சாதிக் பாஷா ஸ்டூலைத் திருப்பும்போது

யாராவது பாஸ்வேர்டு போடப் போகிறார்கள் என்றால் சாதிக் பாஷா திரும்பிக்கொள்வார். முகத்தை மட்டுமல்ல. சுழலும் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே வலது கால் கட்டைவிரலால் தரையை ஓர் உந்து உந்தி, முழு ஆளாகச் சுவர்ப் பக்கம் திரும்புவார். அங்கே ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே ஃபோன் உறைகளும் சார்ஜர்களும் தொங்கும். அவற்றை அன்றுதான் முதல்முறை பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். “ஆச்சுங்களா?” என்பார். “ஆச்சுங்க” என்று பதில் வந்தால்தான் அந்தக் கட்டைவிரல் மறுபடி தரையைத் தொடும். ஆறு வயதுப் பிள்ளை நாலு புள்ளியைக் கோடிழுத்து டேப்லெட்டைத் திறந்தாலும் இதே மரியாதைதான்.

ஏற்காடு ஒண்டிக்கடையில் பஸ் நிற்கும் இடத்தை ஒட்டி அவர் கடை. ஃபோனும் டேப்பும் பழுது பார்ப்பார். வாழவந்தி பஸ் வரும்வரை அவர் கடைவாசல் பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன். அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அதனாலேயே அந்த பெஞ்ச் எனக்குப் பிடிக்கும்.

பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அன்பழகனால் சும்மா இருக்க முடியாது. “என்னங்க பாய், செவுத்துக்கு வியாபாரம் ஆகுதா?” என்பார்.

“ஆவுதுங்க. உங்கள மாதிரி அது வாயாடறதில்ல பாருங்க.”

பாயிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. டேப்புக்கு ஆன்டிவைரஸ் கேட்டு வருபவர்களை வெறுங்கையோடு அனுப்பிவிடுவார். “பிளே ஸ்டோர்ல இருந்து மட்டும்தான எறக்கறீங்க? அப்டேட் வந்தா தள்ளிப்போடாம போடறீங்கல்ல? அப்ப உங்களுக்கு வேணாங்க. கண்ட லிங்க்கையும் அமுக்கற ஆளா இருந்தா சொல்லுங்க, யோசிப்போம்” என்பார். வந்தவர் கிளம்பியதும் அன்பழகன் தலையில் அடித்துக்கொள்வார். “தேடி வர்ற கிராக்கிய இப்படித் தொரத்தற கடை ஏற்காட்டுலயே இது ஒண்ணுதானுங்க.”

காப்பிப் பழம் பறிக்கும் மாதம். ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு மாரமங்கலம் பஸ்ஸில் இருந்து காவேரியக்கா இறங்கினார். அங்கே எஸ்டேட்டில் பழம் பறிப்பவர், எஸ்டேட்டின் லயன் வீட்டு வரிசையிலேயே குடியிருப்பவர். துண்டில் சுற்றிய டேப்பை, தூங்குகிற குழந்தையை இறக்குவதுபோல மேசையில் வைத்தார்.

“பாய், வைரஸுக்கு மருந்து ஒண்ணு இருக்குதாமில்லீங்க, அத இதுல போட்டுக் குடுங்க. நாலு மணிக்கு எம்புள்ள வந்துரும்.”

அவர் மகள் மேனகாவுக்குப் பதினேழு வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். சனிக்கிழமை தோறும் நாலு மணிக்குத் தாயும் மகளும் வீடியோவில் கையால் பேசிக்கொள்வார்கள். அதற்குச் சின்ன ஃபோன் போதாது. இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும், விரல்கள் தெரியும் அளவுக்குத் திரையும் பெரிதாக வேண்டும். டேப்பை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துத்தான் அக்கா பேசுவார்.

போன சனிக்கிழமை, “உனக்கு மட்டும் ஒண்ணு சொல்லணும்” என்று மகள் கையைத் தூக்கியிருக்கிறாள். சரியாக அந்த நேரம் ஏதோ விளையாட்டு விளம்பரம் வந்து அவள் கைகள் மேல் உட்கார்ந்துகொண்டது. அதை மூடினால் இன்னொன்று. நாலாவது விளம்பரத்தோடு அவள் எழுந்து போய்விட்டாள். வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை, கேட்டால் அம்மாவிடம்தான் சொல்வேன் என்கிறாள் என்று வார்டன் ஃபோன் செய்திருக்கிறார். பறிக்கும் மாதத்தில் ஞாயிறும் வேலை. நேரில் போக லீவு இல்லை.

“எம் ஃபோன்ல பேசுங்கக்கா” என்றார் அன்பழகன்.

“பதிஞ்ச டேப்புல இருந்து கூப்புட்டாத்தான் ஹாஸ்டல்ல எடுப்பாங்களாமுங்க.”

“மொதல்ல பூட்டத் தொறங்க” என்றார் பாய். ஸ்டூல் திரும்பியது.

“ரெண்டு, நாலு, ஆறு, எட்டுங்க பாய்!”

பஸ்ஸுக்கு நின்ற பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏனுங்க, நான் எதுக்கு இந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்கறேன்?”

“தெரியலீங்களே. கழுத்துப் புடிச்சுக்கிச்சுங்களா?”

அன்பழகன் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

“இந்த நம்பரு எங்க லயன்ல எல்லாத்துக்கும் தெரியுமுங்க” என்றார் அக்கா. “நான் காட்டுல இருக்கறப்ப புள்ள கூப்புட்டா ஆராச்சும் எடுக்கோணுமில்ல?”

பாய் டேப்பைக் கையில் எடுத்தார். மூடமூட விளம்பரம் வந்தது. “இந்த ‘சூப்பர் கிளீனர’ எப்ப ஏத்துனீங்க?”

“பத்து நாளுக்கு முந்தி செவப்பா ஒரு நோட்டீஸ் வந்துச்சுங்க. பதிமூணு வைரஸ் இருக்குது, ஒடனே அமுக்குன்னு. அமுக்கினேன். சம்மதமான்னு மூணுவாட்டி கேட்டுது. மூணுவாட்டியும் அமுக்கினேன்.”

“படிச்சுப் பாத்தீங்களா?”

“எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் பேப்பர நீட்டுனா படிச்சுப் பாத்துட்டா கையெழுத்துப் போடறோம்? அவசரம்னு இருந்துச்சு, போட்டுட்டேன்.”

“பதிமூணும் பொய்யுங்க. மருந்துன்னு சொல்லிக்கிட்டு வந்துச்சு பாருங்க, அதுதான் சீக்கே. டேப்புல ஒவ்வொரு ஆப்பும் லயன்ல ஒவ்வொரு ஊடு மாதிரி. நடுவுல செவுரு இருக்குது. ஓர் ஊட்டுல இருக்கறது இன்னோர் ஊட்டுக்குள்ள பூர முடியாது. இது எல்லா ஊட்டுச் சாவியும் குடுன்னு கேட்டுது. நீங்க குடுத்துட்டீங்க.”

“எங்க லயன்ல சாவி கேட்டா குடுத்தர்றதுதானுங்க” என்றார் அக்கா, பாவமாக.

எல்லாவற்றையும் அழித்துவிட்டால் சுலபம். ஆனால் அழித்தால் பழைய கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு கேட்கும். அதைப் போட்டுக்கொடுத்த தொண்டு நிறுவனத்துப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள். ஹாஸ்டலில் பதிந்து வைத்திருப்பதும் செல்லாமல் போய்விடும். ஆகவே அந்த ஒன்றை மட்டும்தான் பிடுங்க வேண்டும். பாய் இரண்டு தடவை முயன்றார். அது போக மறுத்தது. மணி மூன்றரை. அக்கா டேப்பைப் பார்க்கவில்லை, பாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் டேப்பை அணைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்து வேறு விதமாக எழுப்பினார். “இப்ப வெளிய இருந்து வந்த ஆப்பெல்லாம் தூங்கிட்டு இருக்குமுங்க.” தூங்கும்போதே அதனிடமிருந்து சாவிகளை ஒவ்வொன்றாகப் பறித்து, கடைசியில் அதையும் நீக்கினார். “இதுக்குள்ளயே ஒரு வாட்ச்மேன் உண்டுங்க. அவரு வேலையத்தான் இது நிறுத்தி வெச்சிருந்துது. திருப்பி எழுப்பி விட்டாச்சு. இனி தனியா மருந்து வேணாம். செவப்பா நோட்டீஸ் வந்தா அமுக்காம எங்கிட்டக் கொண்டாங்க. இப்பப் புது நம்பர் போடுங்க.”

ஸ்டூல் திரும்பியது. இம்முறை சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “ஆச்சுங்க.”

“என்ன நம்பருங்கக்கா?” என்றார் அன்பழகன்.

“அதெல்லாம் ஆருகிட்டயும் சொல்லக் கூடாதுங்க.”

நாலு மணிக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. மாரமங்கலம் போய்ச் சேர முடியாது. பாய் ஷட்டரைப் பாதி இறக்கினார். சார்ஜர் பெட்டியில் டேப்பைச் சாய்த்து வைத்தார். மேனகாவின் முகம் வந்தது. முகத்துக்கு முன்னால் அவள் கைகள் வந்தன. பாயின் கட்டைவிரல் தரையை உந்தியது.

“பாய், இது பாஸ்வேர்டு இல்லீங்க, கைச்சாடை” என்று அன்பழகன் குரலைத் தாழ்த்தினார். “நமக்கு என்ன புரியப் போவுது?”

அலமாரிக் கண்ணாடியில் டேப்பின் வெளிச்சம் விழுந்து அசைந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டார். அலுப்பில் அசந்துவிட்டார் என்று நினைத்தேன்.

நானும் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தேன். அப்படியும் ஒருமுறை திரும்பிவிட்டேன். அக்காவின் கைகள் காப்பிக் கிளையில் ஓடும் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு நின்றன. ஒரு கை கண்ணைத் துடைத்தது. அப்புறம், யாரும் எதுவும் சொல்லாத அந்தக் கடைக்குள் அவர் சிரிப்பு மட்டும் கேட்டது. ஒரு விளம்பரம்கூட வரவில்லை. வாழவந்தி பஸ் வந்து, நின்று, போனது.

“ஆச்சுங்க பாய்.”

அதன் பிறகுதான் அவர் கண்ணைத் திறந்து இந்தப் பக்கம் திரும்பினார்.

“சாப்புடறேன்னு சொல்லிருச்சுங்க” என்றார் அக்கா. என்ன விஷயம் என்று சொல்லவில்லை.

“நொம்ப சந்தோசமுங்க” என்றார் பாய். என்ன விஷயம் என்று கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு நாள் கடையில் பாயின் மகள் ஷபானா இருந்தாள். அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொன்னேன். கைச்சாடைக்குக்கூட உங்கள் அத்தா திரும்பி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது வேடிக்கையாக இருந்தது என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “அத்தாவோட அக்கா சலீமா மாமிக்குப் பொறந்ததுல இருந்தே காது கேக்காதுங்க” என்றாள். “அவங்க படிச்சதும் சேலத்துல அதே ஹாஸ்டல்தான். அத்தாவுக்கு அந்தக் கைப்பேச்சு நீங்களும் நானும் பேசிக்கற மாதிரி. ஒரு விரல் அசைஞ்சாப் போதும், புரிஞ்சுக்குவாரு.”