அம்மா படியில் விழவில்லை

அம்மா மறைந்த முப்பத்தோராம் நாளில் உங்கள் கைக்கு வரும் இந்த நினைவு மலரில், அவருடைய இடக்கண் விபத்தில் போனதாக எழுதும்படி உறவினர் சிலர் கேட்டார்கள். மகளான என்னால் அப்படி எழுத முடியவில்லை.

அம்மா வெருகலில், ஆற்றங்கரையோர விவசாயக் குடும்பமொன்றில் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். பத்தொன்பது வயதில் அப்பாவைக் கைப்பிடித்துத் திருகோணமலைக்கு வந்தார். துறைமுகத்துக்குப் போகும் வீதியில் அப்பாவின் ஸ்டூடியோ. பின்னால் எங்கள் வீடு. அப்பா கலியாணங்களுக்குப் படமெடுப்பார். அவருடைய பழைய ரேஞ்ச்பைண்டர் கமராவுக்குப் பிலிம் போட்டுக் கொடுப்பது அம்மாவின் வேலை. படம் பிழையாய்ப் போனால் அடியும் அம்மாவுக்கே. இடுப்புப்பட்டியால் விளாசுவார்; தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதுவார். நானும் தம்பியும் கட்டிலுக்குக் கீழே கிடந்து அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறோம்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். சல்லிக் கிராமத்தில் எடுத்த கலியாணப் பிலிமைக் கழுவியபோது படங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. தாலி கட்டும் கைக்குமேல் ஐயரின் முகம். அதற்குமேல் சாப்பாட்டுப் பந்தி. பெண் வீட்டார் ஸ்டூடியோவுக்கு வந்து அப்பாவைச் சட்டையில் பிடித்துத் தள்ளினார்கள். அவர்கள் போனதும் அப்பா உள்ளே வந்து அம்மாவின் இரண்டு பற்களை உடைத்தார்.

மறுநாள் காலை, வீங்கிய வாயோடு அம்மா அந்தக் கமராவை எடுத்தார். பழுதான பிலிமொன்றைப் போட்டு, பின்மூடியைத் திறந்தபடியே பிலிமை நகர்த்தும் லீவரை இழுத்துப் பார்த்தார். லீவர் முழுதாக வந்தது. பற்சக்கரம் பிலிமைத் தள்ளியது. ஆனால் பிலிமைச் சுருட்ட வேண்டிய உருளை வழுக்கிக்கொண்டு நின்றது. பிலிம் மடிந்து குவிந்து, பிறகு நகரவேயில்லை; படத்தின்மேல் படம் ஏறியது அதனால்தான். உருளையின் அடியில் தொட்ட விரலில் எண்ணெய் ஒட்டியது. லீவர் இறுக்கமாக இருக்கிறதென்று தையல்மெசின் எண்ணெயை அப்பாவே விட்டிருந்தார்.

அம்மா அதை மறைக்கவில்லை.

"பிலிம் போட்டதில பிழையில்லை. நீங்கள் விட்ட எண்ணெய் உருளைக்குள்ள இறங்கி வழுக்குது. கழட்டித் துடைச்சால் சரிவரும்."

"எனக்குப் படிப்பிக்கிறியோ?" என்ற அப்பா, கமராவை வாரில் பிடித்துச் சுழற்றி அம்மாவின் முகத்தில் அடித்தார். முதல் அடியில் கன்ன எலும்பு உடைந்தது. இரண்டாவது அடி கண்ணில் விழுந்தது. மூன்றாவதுக்கு ஓங்கியபோது, குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு, நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா வந்தார். கிண்ணியாவிலிருந்து வாழவந்தவர். கையில் உலக்கை.

"விடு அவள!" என்று கத்தியபடி அப்பாவின் மணிக்கட்டில் போட்டார். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. எனக்கு அது சந்தோசமாக இருந்தது.

அப்பா முறைப்பாடு செய்ய, பொலிசார் ராத்தாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்த அம்மாவிடம் பெரிய மாமா வந்தார்.

"படியில விழுந்தனான் எண்டு சொல்லு, தங்கச்சி. குடும்பம் சந்தி சிரிக்கக் கூடாது."

"அப்பிடிச் சொன்னால் ராத்தா சும்மா வந்து அடிச்சதாய்ப் போயிடும். ஏலாது, அண்ணா. நான் விழேல்லை."

கட்டுப்போட்ட முகத்தோடு அம்மா பொலிசாரிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்து வைத்தார். அன்று மாலையே ராத்தா வீடு திரும்பினார். மாமா எங்கள் வாசலை மிதிக்கப் பல வருடங்கள் சென்றன.

அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு அன்புவழிபுரத்தில் ஓர் அறைக்கு வந்து, கமரா திருத்தத் தொடங்கினார். பிந்திய காலத்தில் நிலாவெளியில் தங்கும் வெளிநாட்டவர்கூடப் பழைய கமராக்களோடு தேடி வந்தார்கள். அனேகமாக எல்லாம் பிலிம் ஓடாத பிரச்சினை. "லீவரை இழுக்கேக்க இடப்பக்கக் குமிழ் சுத்துதோ எண்டு பாருங்கோ. சுத்தாட்டில் பிலிம் ஓடேல்லை. பலம் காட்டாதேங்கோ, உள்ளுக்குக் கிழியும்" என்பார்.

அம்மா ஒருநாளும் கை ஓங்காதவர் என்று எழுத ஆசைதான். ஆனால் தம்பி தன் மனைவியைப் பிடித்துத் தள்ளியதை அறிந்த அன்று, எல்லோர் முன்னிலையிலும் அவன் கன்னத்தில் அறைந்தார். தம்பியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கடைசி வாரத்தில் அப்பா தோடம்பழங்களோடு வைத்தியசாலைக்கு வந்தார்.

"நான் செய்தது பிழை."

"ஓம், பிழைதான். இனிப் போங்கோ" என்றார் அம்மா. மூன்றாம் நாள் எங்களை விட்டுப் பிரிந்தார்.

இரவு பகலாகப் பார்த்த தாதியருக்கும், பந்தல் போட்டு உணவு தந்த அயலவருக்கும், தூர இடங்களிலிருந்து வந்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. ராத்தாவுக்கு நேரில் சொல்லப் போனேன். இப்போது அவரால் நடக்க முடியாது. கதிரையில் இருந்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"எனக்கு என்னத்துக்கு மகள் நன்றி? உலக்கையத் தேடினதில பிந்திட்டன். வெறுங்கையோட வந்திருந்தா அந்தக் கண்ணு தப்பியிருக்கும்."