சந்தனப் பொட்டு வைத்த நத்தை ஓடு

என் வீட்டு அலமாரியில் ஒரு நத்தை ஓடு இருக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவு, தட்டையாகச் சுருண்டது. அதன் நடுவில் காய்ந்துபோன சந்தனப் பொட்டு. வைத்தவன் நான்தான். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

புதுச்சேரியில், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்றில் இயங்கிய ஆராய்ச்சிக்கூடத்தில் நான் அட்டெண்டர். அங்கே ஆராய்ச்சிக்கு வந்த மேடம் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். என்னை அண்ணே என்பார். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் தோண்டிய பள்ளத்தில், களிமண்ணுக்குள் நத்தை ஓடுகள் தெரிவதாக யாரோ சொன்னார்கள். நாங்கள் இருவரும் போய் அரை அடி ஆழத்துக்கு ஒரு பையாக மண்ணை வெட்டி எடுத்து வந்தோம். மாடிக்குச் சுமந்தது என் தோள்தான். மேடம் மாதக்கணக்கில் அந்த மண்ணைச் சலித்து, ஒவ்வொரு பையின் ஓடுகளையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு, அடியில் ஏதோ எண்கள் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு வைத்தார். தொடாதீங்கண்ணே என்பார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. மேடம் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். எங்களுக்கு ஆயுத பூஜை என்றால் ஒரு பொருள் விடாமல் இறக்கித் துடைத்துப் பொட்டு வைத்தாக வேண்டும். மைக்ராஸ்கோப்பைத் துடைத்தேன், தராசைத் துடைத்தேன். கிண்ணங்களில் மண் ஒட்டிக் கிடந்த ஓடுகளைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் பதமாகத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, பெரியது நடுவிலும் சிறியது சுற்றிலுமாகத் தாம்பாளத்தில் அடுக்கினேன். கோலம் போட்ட மாதிரி இருந்தது. சீட்டுகள் குப்பைக்குப் போயின. நடுவில் இருந்த ஓட்டுக்குப் பொட்டும் வைத்தேன். மேடம் வந்து மெச்சுவார் என்று வேறு காத்திருந்தேன், மடையன்.

வந்தவர் காலிக் கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு, “ஏண்ணே, அந்தச் சீட்டையாவது எடுத்து வெச்சிருக்கக் கூடாதா?” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. விளக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது, கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரமாக. இரண்டு பனியுகங்களுக்கு நடுவே பூமி சூடாகி இங்கே மழை பெருகிய காலம் ஒன்று இருந்ததாம். தட்டை நத்தை தேங்கிய நல்ல தண்ணீரில் வாழும். ஊசி போன்ற நீள நத்தையோ, ஓடுகிற தண்ணீரிலும் இருக்கும். எந்த ஆழத்தில் எது கிடந்தது என்று வரிசையாகப் பார்த்தால், அந்தச் சூடான காலத்தில் இங்கே ஏரி நின்றதா, அது எப்போது வற்றியது என்று சொல்லிவிடலாம். எந்த ஆழத்தில் எது எத்தனை கிடைத்தது என்ற கணக்கு அந்தச் சீட்டுகளில் மட்டுமே இருந்தது. ஆழம் தெரியாத ஓடு வெறும் ஓடு. அவருடைய ஆராய்ச்சியே அந்த வரிசைதான்.

அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு சேதராப்பட்டுக்கு ஓடினோம். வாட்ச்மேன் கேட்டைக்கூடத் திறக்கவில்லை. “கான்கிரீட் போட்டாச்சு சார், இனிமே என்னாத்த தோண்டுவீங்க?” என்றார். அந்த வருடமே மேடம் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டுப் புதுச்சேரியிலிருந்து போய்விட்டார். போகிற அன்று இந்த ஓட்டை என் கையில் வைத்தார்.

“எந்த ஆழம்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்களே வெச்சிக்குங்கண்ணே.”

குத்தலா, பரிவா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. என் மேல் எனக்குக் கோபம், அவர் மேலும்தான். ஒரு டீ குடிக்கிற நேரம் போதுமே, எனக்குச் சொல்ல. மண்ணைச் சுமந்தவனுக்கு அது என்ன மண் என்று தெரியக் கூடாதா?

இந்த ஆயுத பூஜைக்கு என் மகள் அலமாரியைத் துடைக்க ஈரத்துணியோடு வந்தாள். அதைத் தொடாதே என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் அது மேடம் சொன்ன அதே சொல் என்று உறைத்தது. துணியை வாங்கி வைத்துவிட்டு, அவளை உட்காரச் சொல்லி, பனியுகம், மழை, ஏரி எல்லாவற்றையும் சொன்னேன். வாளியையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். ஓட்டை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“இது எந்த ஆழத்துலப்பா இருந்துச்சு?” என்றாள்.

சரியான கேள்வி. பதிலைத்தான் நான் கழுவி ஊற்றிவிட்டேன்.