பேண்டேஜ் துணியும் அக்காவின் படலமும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் சொந்தங்களுக்கு அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரியின் பிசிக்ஸ் டீச்சர். அதற்கு மேல் என்ன செய்தார் என்று கேட்டால் பலரும் தலையைச் சொறிவீர்கள். பெருமையடிக்கிறேன் என்று தோன்றினால், ஆமாம், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் வீட்டில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. எண்பதுகளில் அம்மா தவறிய பிறகு, சமையலையும் என்னையும் பார்த்துக்கொண்டே எம்.எஸ்ஸி. முடித்தார். வேலையில் சேர்ந்ததும் ஆராய்ச்சியில் இறங்கினார். கரண்ட் போனால் கம்ப்யூட்டர் பாதி வேலையை மறந்துவிடும் அல்லவா? அப்படி மறக்காத மெமரிக்கு வேண்டிய மெல்லிய படலத்தைக் குறைந்த செலவில் செய்தே தீருவேன் என்று நின்றார். வெளிநாட்டு எந்திரம் வாங்க வழியில்லை. தறிக்கூடத்தை ஒட்டிய அறையில், தையல் மெஷின் மோட்டாரில் சிறு சிலிக்கன் வில்லையைப் பொருத்தி, ஒரு சொட்டுக் கரைசல் விட்டு, பெடலை மிதித்துச் சுழற்றுவார். மெலிதாகப் பரவியதைக் கல்லூரி உலையில் சுடுவார்.

ஒவ்வொரு படலத்திலும் ஓட்டை விழுந்தது. இன்னொரு முறை தவறினால் தலைப்பையே மாற்ற வேண்டும் என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லிவிட்டார். அன்று அக்கா சாப்பிடவில்லை. மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. வில்லையை எங்கள் துணியால்தான் துடைத்து வந்தார். அதைவிடச் சுத்தமான துணி கிடையாது என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். அதன் பிசிறுதான் ஓட்டைக்குக் காரணம்.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆஸ்பத்திரிக்கே நம்ம துணிதான் போகுது. ஒன் வில்லைக்கு ஆகாதாக்கும்?"

"புண்ணுக்கு ஆகும்ப்பா, இதுக்கு ஆகாது. தறி ஓடுனாலே எம்புட்டுப் பஞ்சு பறக்குது!"

மறுநாள் காலையில் தறிச்சத்தம் இல்லை.

"ஏட்டி, இன்னைக்குப் பூராத் தறி ஓடாது. கூடத்தைக் கழுவி விட்டாச்சு. போயி வேலையப் பாரு" என்றார் அப்பா.

அன்று செய்த படலத்தில் ஓட்டை விழவில்லை. அதைச் சோதிக்கும் நாளில் அப்பாவும் கல்லூரிக்கு வந்தார். அக்கா அதில் ஒரு பதிவை ஏற்றியதும் ஊருக்கே கரண்ட் போனது.

"எல்லாம் போச்சா?" என்றார் அப்பா.

"போனாத்தாம்ப்பா தெரியும். செத்த நேரம் இருங்க."

கரண்ட் வந்தது. பதிவு அப்படியே இருந்தது. பேராசிரியர் எழுந்து கைகொடுத்தார். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கடைசி நாட்களில், ஊசி போட்ட கையில் சுற்றியிருந்த கட்டைத் தடவி, அப்பாவிடம் "நம்ம துணிப்பா" என்று சிரித்தார் அக்கா.

உடனிருந்த மருத்துவர்களுக்கும் அவருடைய மாணவிகளுக்கும் எங்கள் நன்றி. அன்று படலத்துக்காகத் தறியை நிறுத்திய எங்கள் கூடத்துத் தொழிலாளி அண்ணன்மார், அக்காவை எடுத்த அன்று யாரும் சொல்லாமலே நிறுத்தினார்கள். அவர்களுக்கு எங்கள் கும்பிடு.