ரோஸ் நிற மாத்திரை

செய்தி வயர்லெஸ்ஸில் வந்தது. வடக்கு அந்தமானின் ஏரியல் பே துறைமுகத்துக் குமாஸ்தா சைக்கிளை மிதித்துக்கொண்டு திக்லிபூர் ஆஸ்பத்திரிவரை வந்தார். ஊசி போட்டுக்கொண்டிருந்த என்னிடம், "போர்ட் பிளேர் மின்னி பேல இருந்த உங்க மரகதம் சிஸ்டர் தவறிட்டாங்களாம். மஞ்சக்காமாலை. நேத்தே எடுத்துட்டாங்களாம்" என்றார். அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டேன். கடல் சரியில்லை, இப்போதைக்கு இல்லை என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வருஷக்கணக்காக ஒரே குவார்ட்டர்ஸில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவருக்கு வாய்க்கரிசி போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

போர்ட் பிளேரில் நர்ஸுகளாகிய நீங்கள் இரங்கல் கூட்டம் நடத்தியதாகவும், அதில் அவரைத் தியாகச் சுடர் என்று பேசியதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். சுடரும் இல்லை, விளக்கும் இல்லை. மரகதம் அக்கா நம்மைப் போல வேலைக்கு வந்த நர்ஸ். குழம்பில் உப்பை மறப்பார். கோபம் வந்தால் பாத்திரத்தோடு சண்டை போடுவார். உங்களில் பெரும்பாலோர் அவரைப் போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் அறிவீர்கள். அதற்கு முன் திக்லிபூரில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் அவரைப் புகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்று எனக்குப் படுகிறது.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கப்பல் ஏறி வந்தபோது அக்காவுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ஒரே வருஷத்தில் பிடித்துக்கொண்டார். வங்காளி மீன்காரியிடம் இந்தியில் பேரம் பேசி ஜெயித்துவிட்டு வந்து, "ஏட்டி, என் இந்தியக் கேட்டாலே அவ கூடையத் தூக்கிட்டு ஓடப் பாக்கா" என்று என்னிடம் பீற்றிக்கொள்வார். வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் எல்லோருக்கும் இந்தத் தீவில் அந்த ஒரு பாஷைதான் பாலம். போகப் போக அக்கா காக்காயைக்கூட இந்தியில் விரட்ட ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கருத்தடை மாத்திரைகள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தன. ஒரு அட்டையில் மூன்று வாரத்துக்கு வெள்ளை மாத்திரை, கடைசி ஒரு வாரத்துக்கு ரோஸ் நிற மாத்திரை. கருத்தரிக்காமல் தடுக்கும் மருந்து வெள்ளையில்தான் இருக்கிறது. ரோஸ் வெறும் இரும்புச் சத்து. அந்த வாரம் மருந்து நின்று தீட்டு வரும்போது ரத்தம் குறையாமல் இருக்கவும், தினமும் விழுங்கும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கவும் வைத்தது. மாத்திரை கொடுக்கும் நாளில் வராந்தா நிறையப் பெண்கள் நிற்பார்கள். அக்கா ஒவ்வொருத்தி கையிலும் அட்டையை வைத்து, "ரோஜ் ஏக் கோலி. பூல்னா மத்" என்பார். தினம் ஒரு மாத்திரை, மறக்காதே. நூறு பேருக்கும் அதே வாக்கியம்தான்.

அந்த வரிசையில் ஒரு நாள் வேலம்மாள் நின்றாள். ராமநாதபுரத்துப் பெண், தீவுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. புருஷன் காளிமுத்து பாராடாங் பக்கம் சாலைக் காண்டிராக்டரிடம் கல் உடைத்துக்கொண்டிருந்தான். மூன்று பிள்ளைகள். கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் செத்துப் பிழைத்தவள். அந்தப் பிரசவம் பார்த்தது அக்காதான். இன்னொன்று உண்டானால் இவள் பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்குப் பயந்தாள், கர்ப்பப்பையில் வைக்கும் லூப்புக்கும் பயந்தாள். அதனால் மாத்திரையே கதி. பிள்ளைகளோடு பாராடாங் கேம்ப்புக்குப் போகிறாள், அங்கிருந்து அடிக்கடி வர முடியாது என்று அக்கா கைநிறைய அட்டைகளை அள்ளிக் கொடுத்தார். "ரோஜ் ஏக் கோலி. பூல்னா மத்." பிறகு தமிழில், "புரிஞ்சிச்சா?" என்றார். "புரிஞ்சிருச்சு சிஸ்டர்" என்றாள் வேலம்மாள். நான் பக்கத்து மேஜையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். என் காதிலும்தான் விழுந்தது.

மாதங்கள் கழித்து அவள் திரும்பி வந்தபோது கன்னமெல்லாம் மினுமினுவென்று இருந்தது. "மாத்திரைய ஒழுங்காச் சாப்பிட்டியாட்டி?" என்று அக்கா சந்தோஷமாகக் கேட்டார்.

"ஒரு நா விடல சிஸ்டர். நல்ல மருந்து. மொத அட்ட முடியறதுக்குள்ளயே தெம்பு வந்திருச்சு. அப்பறம் தீட்டே நின்னு போச்சு. கோலியும் தீந்துச்சு. சரி, மருந்து கேட்டிருச்சு, இனிமே வேண்டாம்னு இருந்தேன். இப்ப என்னமோ வயித்துல ஓடுற மாதிரி இருக்கு, பூச்சியான்னு பாக்கணும்."

அக்கா அவளைப் படுக்கவைத்து வயிற்றில் கை வைத்தார். கையை எடுக்கவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்து எனக்கு விளங்கிவிட்டது. வேலம்மாளுக்கு விளங்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, பையிலிருந்து துணி மூட்டை ஒன்றை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே அட்டைகளை அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் வெள்ளை மாத்திரைகள் வரிசை கலையாமல் அப்படியே இருந்தன. ரோஸ் மட்டும் இல்லை.

"நீங்க சொன்ன மாதிரி ரோஸ் கோலிதான் தின்னேன் சிஸ்டர். வெள்ளையெல்லாம் பத்திரமா வச்சிருக்கேன். கெவருமெண்டு சாமான், வீணாக்கலாமா?"

ரோஜ் என்றால் இந்தியில் தினம். தமிழ்ப் பெண்ணுக்கு ரோஸ் என்றால் நிறம். அட்டையிலும் அந்த நிறம் இருந்தது. யாரை நோவது? அந்தக் குடும்பத்துக்கு எமன் ஒரு எழுத்தின் உருவத்தில் வந்தான் என்றுதான் இன்றுவரை எனக்குத் தோன்றுகிறது.

கலைக்கிற கட்டம் தாண்டியிருந்தது. பிரசவத்தை ரத்தம் ஏற்ற வசதியுள்ள போர்ட் பிளேரில் வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தோம். மாதம் நெருங்குவதற்கு முன்பே அவளைக் கப்பல் ஏற்றிவிட வேண்டும் என்று அக்கா துறைமுகத்துக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்தார். மழை பிடித்துக்கொண்டது, கப்பல் வரவில்லை. நாள் இருக்கும்போதே வலி வந்துவிட்டது. ஒரு காலை நேரம், எங்கள் பிரசவ அறையில், எங்கள் கண் முன்னாலேயே போனாள். குழந்தையும் தங்கவில்லை. அக்கா அவள் வயிற்றை அழுத்திப் பிடித்த கைகளை விலக்க மறுத்தார். நான்தான் பிடித்து இழுத்தேன்.

"படிக்காத பெண், நாம் என்ன செய்ய முடியும்? இதை வெளியே பேச வேண்டாம்" என்றார் டாக்டர். காரியம் முடிந்த மறுநாள் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு காளிமுத்து தங்கியிருந்த வீட்டுக்குப் போனார். நின்றபடியே சொன்னார்: "தப்பு என்னோடது தம்பி. அவ தமிழ்க்காரின்னு தெரிஞ்சும் நான் இந்தியில சொன்னேன். அதான் மாத்தித் தின்னுட்டா. நீ என்னை என்ன வேணும்னாலும் சொல்லு."

அவன் திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பார். அவன் கடைசிப் பிள்ளையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். பிறகு, "நீங்க அவகிட்ட இந்தியில பேசுனது அவளுக்குப் பெருமையா இருந்துச்சும்மா. 'என்னையும் இந்தத் தீவுக்காரியா நெனச்சுப் பேசுனாக'ன்னு கேம்ப்பு பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா" என்றான். அன்று நான் சமைத்ததை இருவருமே தொடவில்லை.

அதன் பிறகு நீங்கள் அறிந்த மரகதம் சிஸ்டர் உருவானார். மாத்திரை நாளில் வரிசை கிடையாது. ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பார். தெலுங்கும் வங்காளமும் தேவைக்குக் கற்றுக்கொண்டார். அட்டையைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் உடம்பைப் பற்றிச் சொல்வார். நம் பெண்களிடம் சொல்வது இப்படி இருக்கும்: "மூளைக்கு அடியில ஒரு சுரப்பி இருக்கு. அதான் போர்ட் பிளேர் ஹெட் ஆபீஸ். மாசா மாசம் அங்க இருந்து சினைப்பைக்கு ஆர்டர் வரும், முட்டையப் பழுக்க வைன்னு. முட்டை வரப்போகுதுன்னு கர்ப்பப்பை மெத்தை விரிச்சு வைக்கும். கரு தங்கலைன்னா மெத்தை எதுக்கு? சுருட்டி வெளிய போட்டுரும். அதான் தீட்டு."

"கெட்ட ரத்தம் இல்லையா சிஸ்டர்?" என்று யாராவது கேட்பார்கள்.

"எந்தக் கெட்டதும் இல்லட்டி, விரிச்ச மெத்தை. இந்த வெள்ளை மாத்திரை இருக்கே, இது ஒரு பொய் வயர்லெஸ். 'இங்க எல்லாம் வந்து சேந்தாச்சு, ஒண்ணும் அனுப்ப வேண்டாம்'னு ஹெட் ஆபீசுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். அவனும் நம்பி ஆர்டர் போட மாட்டான். முட்டை வராது. ஆனா தினம் சொல்லணும். சொல்லாம விட்டா அவனுக்குச் சந்தேகம் வந்துரும். ரோஸ் மாத்திரை எந்தச் சேதியும் சொல்லாது. அது வெறும் ரத்தத்துக்கு."

கடைசியில், "இப்ப நீ எனக்குச் சொல்லு, நான் என்ன சொன்னேன்?" என்பார். சரியாகச் சொல்லும்வரை அட்டை கிடைக்காது. புரிந்ததா என்ற கேள்வியை அவர் வாயிலிருந்து நான் மறுபடி கேட்டதே இல்லை. "புரிஞ்சிச்சான்னு கேட்டா எவளும் இல்லன்னு சொல்ல மாட்டா. மரியாதை தடுக்கும்" என்றார் ஒருமுறை. எத்தனை பெண்கள் அந்த அறையில் உட்கார்ந்து பிழைத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அக்கா அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டதும் இல்லை. பிழைத்தவர்களைப் பற்றி நான் எடுத்தாலே பேச்சை மாற்றிவிடுவார்.

அக்கா காமாலையில் கிடந்தபோது பார்த்துக்கொண்ட பெண் எனக்கு எழுதியிருந்தாள். கடைசி நாட்களில் அக்காவுக்கு இந்தி முழுக்க மறந்துவிட்டதாம். தண்ணீர் கேட்டதும் தமிழில்தானாம். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அந்த ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. செய்தி வந்த வாரமே மாத்திரை நாள் வந்தது. புதிதாகக் கல்யாணமாகி மதுரைப் பக்கமிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு எல்லாவற்றையும் நல்ல தமிழில், நிதானமாக, என் வயதுக்குரிய பொறுமையோடு விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். இவளிடமும் அதைக் கேட்க வேண்டுமா என்று அலுப்பாக இருந்தது. இருந்தாலும் கேட்டேன்: "இப்ப நீ சொல்லு, நான் என்ன சொன்னேன்?"

அவள் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே சொன்னாள். முழுக்கத் தப்பாகச் சொன்னாள்.